அடி அண்ணாமலை தாண்டும்போது கால் சுட்டதா?

போன வாரம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற சித்த மருத்துவப் பிரிவில் இப்போது இருக்கும் டாக்டர் அவள். ஊர் டாக்டர்கள் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேச அவளைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். நவீன மருத்துவத்துக்குச் சித்த மருத்துவம் எப்படித் துணை நிற்கும் என்பது தலைப்பு. கேட்க வருபவர்கள் அத்தனை பேரும் அலோபதி டாக்டர்கள். பெண்ணின் குரலில் உதறல் தெரிந்தது. எத்தனை ஸ்லைடு போடலாம், எதில் ஆரம்பிக்கலாம், யாராவது குதர்க்கமாகக் கேட்டால் என்ன சொல்லலாம் என்று அடுக்கினாள். கடைசியில், "மேடம், நீங்களே வந்து ஒரு பத்து நிமிஷம் பேசிடுங்களேன்" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் எப்படிப் பேச வேண்டும் என்பதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை போனில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். அவளும் படிக்கட்டும், அவளுக்குப் பின்னால் வருகிறவர்களும் படிக்கட்டும்.

என் பெயர் ஜைபுன்னிசா. ஊரில் ஜைபு டாக்டர் என்றால் தெரியும். எங்கள் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், திருவண்ணாமலை சின்னக்கடைத் தெருவில் நாட்டு மருந்துக் கடை. பௌர்ணமிக்கு மறுநாள்தான் கடையில் கூட்டம். மலை சுற்றிய ஜனம் கால்வலித் தைலம் கேட்டு வந்து நிற்கும். அந்த வியாபாரத்தில்தான் நான் பாளையங்கோட்டை போய்ச் சித்த மருத்துவம் படித்தேன். படித்து, இரண்டு மூன்று ஊர் சுற்றி, கடைசியில் சொந்த மாவட்டத்துக்கே ஒரு அரசு ஆஸ்பத்திரியில் சித்தா டாக்டராக வந்து சேர்ந்தேன். மற்றவர்களின் வரலாறு மாதிரியேதான் இதுவும், விட்டுவிடலாம்.

ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் கோதண்டபாணி சார். சர்ஜன். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. குரல் தாழ்ந்தால்தான் கோபம் என்று அர்த்தம். வார்டு கூட்டும் அம்மாவிலிருந்து கலெக்டர் வரை எல்லோருக்கும் ஒரே 'வாங்க, போங்க'தான். புண்ணைப் பார்க்கும்போது உட்கார மாட்டார். கட்டைப் பிரித்ததும் முதலில் குனிந்து மோந்து பார்ப்பார். பக்கத்தில் நிற்கிற பயிற்சி டாக்டர்கள் மூக்கைச் சுளித்தால், "இது வாசனை பார்க்குற எடம்தான், கிட்ட வாங்க" என்பார். சித்தாவைப் பற்றி என்னிடம் பேசும்போது 'உங்க பக்கம்' என்பார். "இதுக்கு உங்க பக்கத்துல என்ன செய்வீங்க?" என்று கேட்பார். கிண்டலா, நிஜமா என்று முதல் சில மாதம் எனக்குப் பிடிபடவில்லை. நிஜம்தான் என்று பிறகு தெரிந்தது. சொன்னதைக் கேட்டுக்கொண்டு, நம்பாததை நம்பவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். எனக்கு அது போதும். தலையாட்டிவிட்டு முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறவர்களை நிறையப் பார்த்தவள் நான்.

சாருக்கு அண்ணாமலையார் மீது பக்தி ஜாஸ்தி. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வெயில் என்றும் பார்க்காமல் வெறுங்காலோடு மலை சுற்றுவார். எந்த ஆபரேஷனையும் அதற்காகத் தள்ளிப் போட்டதில்லை. முடித்துவிட்டுப் போவார்.

அவர்தான் என்னைச் சங்கக் கூட்டத்தில் பேச வைத்தார். செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜின் ஹால். ஏதாவது ஒரு மருந்துக் கம்பெனியின் செலவில் சாப்பாடு. எனக்குக் கொடுத்த நேரம் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். சூப் வாசனை வந்துகொண்டிருக்கும்போது திரிகடுகத்தைப் பற்றி யார் கேட்பார்கள்? நான் வீராப்பாக ஐம்பது ஸ்லைடு தயார் செய்திருந்தேன். சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் கண்ணாடிக் குப்பியில் போட்டு மேஜையில் பரப்பினேன். வாதம், பித்தம், கபம் என்று தொடங்கியதுமே பாதிப் பேர் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஊரில் பேர்போன பொது மருத்துவர் சுந்தர். நல்ல கைராசி, அதைவிட நல்ல வாய். அவர் எழுந்து, "மேடம், உங்க பஸ்பத்துல பாதரசம் எவ்ளோன்னு ஒரு ஸ்லைடு இருக்குதா?" என்று கேட்டார். ஹால் சிரித்தது.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் வாய் அடங்கவில்லை. "எந்தக் கடையோட பஸ்பம்னு பேரைச் சொல்லுங்க சார். கண்டதையும் கலந்து விக்கிறவன் இருக்கான். நாளைக்கே உங்ககூட நானே வந்து புகார் குடுக்குறேன்" என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. சரி சரி என்று உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே இன்னொன்று சொன்னார். அதுதான் என்னை விடாமல் குடைந்தது. "புகாரெல்லாம் இருக்கட்டும் மேடம். உங்ககிட்ட போய்ட்டு, கால் கறுத்ததுக்கு அப்புறம் எங்ககிட்ட வராங்க பாருங்க, அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அங்கிருந்த ஒவ்வொருவரும் அப்படி ஒரு காலைப் பார்த்திருந்தார்கள். குப்பிகளை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தேன். ஆட்டோவில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன், அடுத்த தடவை அந்த ஹாலுக்குப் போகும்போது அந்தக் கேள்விக்குப் பதிலோடு போவது என்று. போகாமல் விடுவதில்லை என்றும்.

பதில் ஏழுமலை என்ற பெயரில் வந்தது.

ஏழுமலை ரமணாசிரமம் பக்கம் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர். லாட்ஜ்களின் போர்வை, தலையணை உறை, வெள்ளைக்காரர்களின் காதி ஜிப்பா எல்லாம் அவர் கைக்குத்தான் வரும். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. ஒருநாள் காலை என் அறை வாசலில் வந்து நின்றார், வலது பாதத்தில் கட்டோடு. இடது கையைத் துண்டால் மூடியிருந்தார். துண்டை விலக்கினேன். டிரிப்ஸ் ஏற்றுகிற ஊசி இன்னும் கையிலேயே இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டிலிருந்தே நழுவி வந்திருக்கிறார். பின்னாலேயே ஓடி வந்த அவர் மனைவி சரசு மூச்சு வாங்க நின்றார்.

"ரெண்டு வெரலை எடுத்துடணும்னு சொல்றாங்க டாக்டரம்மா. நீங்க ஏதாச்சும் பொடி, தைலம் குடுங்க. நான் வூட்டுக்குப் போய்ட்டுப் பாத்துக்கறேன்."

உட்கார வைத்துக் கட்டைப் பிரித்தேன். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. எங்கள் மருத்துவத்தில் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பது ஒரு பரிசோதனை. நாடி பார்ப்பது போலவே முக்கியம். புறங்கையை வைத்துத்தான் பார்ப்பேன், உள்ளங்கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. இரண்டு பாதத்தையும் ஒரே இடத்தில், ஒன்று மாற்றி ஒன்று தொட வேண்டும். இடது பாதம் சாதாரணமாக இருந்தது. வலது பாதம் கணுக்கால் வரைக்கும் கொதித்தது. சீழ் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விரலோடு நிற்கிற விஷயம் இல்லை இது, தாமதித்தால் காலே போய்விடும்.

எப்படி வந்தது என்று கேட்டேன். போன பௌர்ணமிக்கு மலை சுற்றிவிட்டு வந்தபோது பாதத்தில் கொப்புளம் இருந்ததாகச் சரசு சொன்னார். அவர் கவனிக்கவேயில்லையாம். மகள் பிறந்ததிலிருந்து ஒரு பௌர்ணமியும் விட்டதில்லை, வேண்டுதல். திதி காலையிலேயே பிறந்துவிட்டால் இரவு வரை காத்திருக்க மாட்டார். காலைத் துணிகளைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு உச்சி வெயிலிலேயே வெறுங்காலோடு கிளம்பிவிடுவார். மலை சுற்றும் வழியில் அடி அண்ணாமலை கிராமத்துப் பக்கம் தார் ரோடு சுடாதா என்று கேட்டேன். ஏழுமலை முகம் மலர்ந்தது. அந்த நிலையிலும் மலர்ந்தது, அதுதான் எனக்கு இன்றும் கண்ணிலேயே நிற்கிறது.

"முன்னெல்லாம் சுடும்மா. அடி அண்ணாமலை தாண்டுறப்ப துள்ளித் துள்ளி ஓடுவேன், நெழல் தேடி. இந்த ரெண்டு வருசமா சுடறதே இல்ல. மெத்த மேல நடக்கற மாதிரி இருக்குது. அண்ணாமலையார் அருளு."

பத்து வருஷமாகச் சர்க்கரை நோய். பாதத்து நரம்பு செத்துக்கொண்டே வந்திருக்கிறது. கொதிக்கிற தாரில் தோல் வெந்ததுகூடத் தெரியவில்லை. தெரியாததை அவர் சாமி கொடுத்த வரம் என்று எடுத்துக்கொண்டு, இன்னும் சந்தோஷமாக நடந்திருக்கிறார். வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு தப்பு நடக்குமா? எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. யார் மீது ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை.

"ஏழுமலை, இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல" என்றேன்.

எங்கள் தொழிலில் இதைச் சொல்வது லேசு இல்லை. நம்பி வந்தவர் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து அனுப்புவதுதான் லேசு. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்க எதுக்கு இங்க ஒக்காந்துனு இருக்கீங்க?" என்று கேட்டார். சுருக்கென்றுதான் இருந்தது.

"உங்கள மறுபடியும் வார்டுக்குக் கூட்டினு போறதுக்குத்தான். எழுந்திருங்க."

எழுந்திருக்கவில்லை. ரொம்ப நேரம் வாக்குவாதம் நடந்தது. விரலை எடுத்தால் மலை சுற்ற முடியாது, வேண்டுதல் நின்றால் மகளுக்கு ஏதாவது ஆகிவிடும், அதுதான் அவர் பயம். வலிக்குப் பயப்படவில்லை, சாவுக்கும் பயப்படவில்லை. நான் பாய் வீட்டுப் பெண். அவர் சாமிக்கும் அவருக்கும் நடுவில் நான் எந்த வாயோடு பேசுவது? சரசுதான் வாயைத் திறந்தார்.

"நடக்கறதுக்குக் காலுதான வேணும்? என் காலு ரெண்டும் நல்லாத்தான கெடக்குது. உனுக்குப் பதிலா நான் சுத்தறேன். நீ போயி படு."

ஏழுமலை மனைவியைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், நீங்களும் கூட வந்தால் போகிறேன் என்றார். கூடவே போனேன். என் வெளிநோயாளிகள் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வார்டில் கோதண்டபாணி சார் நின்றுகொண்டிருந்தார். நோயாளியைக் காணவில்லை என்ற செய்தி அவருக்குப் போயிருந்தது. திட்டுவார் என்று ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். சார் திட்டவில்லை. கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டு, "உங்க பக்கத்துல என்ன பாத்தீங்க?" என்று என்னைக் கேட்டார். சூட்டைப் பற்றிச் சொன்னேன். அவரும் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு பஞ்சைத் திரித்து நுனியை மெல்லிசாக்கி, ஏழுமலையின் நல்ல காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்தார். அதை எனக்கும் கற்றுக்கொடுத்தார். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பஞ்சு நுனியால் விரலைத் தொட்டு எடுக்க வேண்டும், தேய்க்கவோ அழுத்தவோ கூடாது. தொடும்போது நாம் வாயே திறக்கக் கூடாது.

"தொட்டுட்டு 'படுதா'ன்னு கேக்காதீங்கம்மா. கேட்டா, பாவம், நம்ம மனசு நோகக் கூடாதுன்னு ஆமான்னுடுவாங்க. அவரா சொல்லணும். சொல்லலன்னா, இல்லன்னு அர்த்தம்."

ஏழுமலையின் நல்ல காலிலும் மூன்று விரல் 'இல்லை'.

அன்று மத்தியானமே ஆபரேஷன். என்னைத் தியேட்டருக்குள் வரச் சொன்னார். கல்லூரிக்குப் பிறகு நான் உள்ளே போனது அன்றுதான். இரண்டு விரலை எடுத்து, சீழ் போன வழியையெல்லாம் திறந்து கழுவினார். கால் பிழைத்தது. எது பிழைக்க வைத்தது என்று கவிதா கேட்டால் பட்டவர்த்தனமாகச் சொல்வேன். கத்தி, ஆன்டிபயாடிக், இன்சுலின், ஓய்வு. நான் செய்தது என்னவென்றால், அவர் மறுபடி ஓடிப்போகாமல் பார்த்துக்கொண்டேன். தினமும் போய் உட்கார்ந்தேன். மலச்சிக்கலுக்கும் தூக்கத்துக்கும் சாரைக் கேட்டுக்கொண்டு ஏதோ கொடுத்தேன். நல்ல காலின் பித்தவெடிப்புக்குத் தைலம் போட்டேன். என்ன சாப்பிடலாம், எதை விடலாம் என்று சரசுவுக்குச் சொன்னேன். துணை என்றால் அதுதான். மாற்று மருத்துவம் என்று எங்களைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாருக்கு மாற்று? ஏழுமலை விஷயத்தில் நான் சாருக்கு மாற்றாக வரவில்லை, அவர்கூட நின்றேன்.

அடுத்த பௌர்ணமிக்குச் சரசு மலை சுற்றினார். ஏழுமலை இப்போது உட்கார்ந்து துணி மடிக்கிறார், சரசு நின்று தேய்க்கிறார். உட்கார்ந்து தேய்த்தால் இஸ்திரிப் பெட்டிக்குப் பாரம் இறங்காதாம், அதில் அவருக்கு இன்னும் வருத்தம்தான்.

மறுபடி என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும் என்று சாரிடம் போய் நின்றேன். அவர் சிரித்தார். இந்தத் தடவை சுக்கு, திப்பிலி வேண்டாம், ஏழுமலையைப் பற்றிப் பேசுங்கள் என்றார். "பேசப் போறதில்ல சார், செய்ய வைக்கப் போறேன்" என்றேன்.

அதே ஹால், அதே சூப் வாசனை. மைக்கைப் பிடித்து, இந்த ஊர்க்காரர் ஒருவர் தன் கால் சுடாமல் போனதை அருள் என்று நினைத்த கதையைச் சொன்னேன். சுந்தர் டாக்டர் அன்று கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்றேன். எங்களிடம் வருகிற காலை நாங்கள் தொட்டுப் பார்த்து, சூடு ஏறியிருந்தால் அன்றைக்கே உங்களிடம் கூட்டி வருவோம். திட்டாமல் வாங்கிக்கொள்ளுங்கள், திட்டினால் அடுத்த ஆள் வரமாட்டான். அதே மாதிரி நீங்களும் சர்க்கரைக்காரர் யார் வந்தாலும் இரண்டு வேலை செய்யுங்கள். மலை சுற்றுகிறீர்களா, கால் சுடுகிறதா என்று கேளுங்கள். அப்புறம் செருப்பைக் கழற்றச் சொல்லித் தொட்டுப் பாருங்கள். எப்படித் தொடுவது என்று இப்போது செய்து பார்க்கலாம், எல்லோரும் ஷூவைக் கழற்றுங்கள் என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. சுந்தர், "மேடம், சாக்ஸ் தொவச்சு நாளாச்சு, எல்லாருக்கும் மயக்கம் வந்துடும்" என்றார். சிரிப்பு. நான் மேடையை விட்டு இறங்கவில்லை. யாராவது ஒருவர் கழற்றாமல் இறங்குவதில்லை என்று நின்றேன்.

முதல் வரிசையிலிருந்து கோதண்டபாணி சார் எழுந்து வந்தார். மேடையில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி ஓரமாக வைத்தார், கண்ணை மூடிக்கொண்டார். "ஆரம்பிங்கம்மா. தொட்டா 'ம்'ங்கறேன்" என்றார். எனக்காகத்தான் வந்தார். என் மானத்தைக் காப்பாற்ற.

பஞ்சை நுனி திரித்து எடுத்தேன். இடது கால் சுண்டுவிரலில் ஆரம்பித்தேன். ம் என்றார். அடுத்த விரல், ம். ஹாலுக்குக் கேட்கும்படி, பார்த்தீர்களா, நான் கேட்கவில்லை, அவராகச் சொல்கிறார் என்று விளக்கிக்கொண்டே போனேன். வலது காலுக்கு வந்தேன். பெருவிரலைத் தொட்டேன்.

சார் ஒன்றும் சொல்லவில்லை.

மறதியாக இருக்கும் என்று இன்னொரு தடவை தொட்டேன். கண் மூடியபடி, அடுத்து எப்போது தொடுவேன் என்று அமைதியாகக் காத்திருந்தார். பக்கத்து விரலைத் தொட்டேன். அதற்கும் அதே அமைதி. அவருக்குச் சர்க்கரை இருப்பது ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். மாத்திரை போடுவார், இனிப்பைத் தொடமாட்டார். ஊரார் காலையெல்லாம் தொட்டுப் பார்த்த மனுஷனின் காலை அதுவரை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. ஹாலில் கொஞ்சம் பேர் அவர் விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவ்வளவு பேர் முன்னால் இதை எப்படிச் சொல்வது? மூன்றாவது விரலுக்குத் தாண்டிப் போய்விடலாமா, பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் கை தயங்கியது. தாண்டினால் நான் அதுவரை பேசியதெல்லாம் பொய். அதே பெருவிரலில் மூன்றாம் முறையும் வைத்தேன். வாய் திறக்கவில்லை.

என் மௌனம் நீண்டதில் சார் கண்ணைத் திறந்தார். என் கை எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தார். பஞ்சு அவர் விரல் மேல் இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஹாலைப் பார்த்து, வார்டில் ரவுண்ட்ஸ் போகும்போது பேசுகிற அதே நிதானமான குரலில் சொன்னார்.

"வலது கால். பெருவிரல், ரெண்டாவது விரல். இல்ல. மேல பாருங்கம்மா."

சிரிப்பு நின்றுவிட்டது. மீதி விரல்களையும் பார்த்தேன், உள்ளங்காலையும் பார்த்தேன். முடித்துவிட்டு, கேட்கத்தான் வேண்டும் என்று கேட்டேன். "சார், போன பௌர்ணமிக்கு அடி அண்ணாமலை தாண்டுறப்ப கால் சுட்டுதா?"

அவர் சாக்ஸைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"சுடலம்மா. மெத்த மேல நடக்கற மாதிரிதான் இருந்துது. நானும் அருள்னுதான் நெனச்சேன்."

அவர் மேடையை விட்டு இறங்கி வந்தபோது ஹாலில் ஒரு சத்தம் கேட்டது. நாற்காலிகளுக்கு அடியில் ஷூக்கள் கழலும் சத்தம். முதலில் கழற்றியவர் சுந்தர். பக்கத்தில் இருந்தவரிடம் காலை நீட்டிவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று சாப்பாடு ஆறிப் போனது.

அதற்குப் பிறகு எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று நான் கதை அளக்க மாட்டேன். செருப்பைக் கழற்றச் சொல்லாமலே மாத்திரை எழுதுகிற டாக்டர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். புண்ணுக்குக் கண்ட பொடியைக் கொடுத்து வீட்டோடு வைத்துக்கொள்கிற எங்கள் பக்கத்து ஆட்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரிடமும் போய்ச் சண்டை போட்டேன், ஓய்வு பெறும் வரை போட்டேன். ஆனால் சுந்தர் டாக்டரின் கிளினிக்கில், மலை சுற்றுகிறீர்களா, கால் சுடுகிறதா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் சர்க்கரைக்காரர் யாரும் வெளியே வர முடியாது. போன வருஷம் சர்க்கரை உள்ள என் நாத்தனார் மூட்டுவலிக்குப் போயிருந்தாள். தலையில் துப்பட்டா போட்டிருந்த அவளையும் அதே கேள்வியைக் கேட்டு வைத்தார்களாம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, பெருமையும் வந்தது.

கோதண்டபாணி சார் ஓய்வு பெற்று வெகு நாளாயிற்று. மலை சுற்றுவதை அவர் நிறுத்தவில்லை, நான் நிறுத்தச் சொல்லவும் இல்லை. வெயில் தாழ்ந்த பிறகு, மெத்தென்ற கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு போகிறார். வழியில், சாமி மலையைச் செருப்போடு சுற்றலாமா என்று யாராவது மறித்துக் கேட்பார்களாம். நின்று, ஷூவைக் கழற்றி, காலைக் காட்டி, கேட்டவரின் காலையும் காட்டச் சொல்வாராம். பாதிப் பேர் ஓடிவிடுகிறார்கள் என்று சொல்லிச் சிரிக்கிறார்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை எங்கள் வீட்டுக்கு வருவார். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டுவார். என் வீட்டுக்காரர் டீ கொண்டு வருவதற்குள் நான் தரையில் உட்கார்ந்து புறங்கையை வைத்துப் பார்ப்பேன். இந்த மாதமும் பார்த்தேன். இரண்டும் ஒரே சூடு. கொப்புளம் இல்லை, கீறல் இல்லை, விரல் பத்தும் பத்திரமாக இருக்கின்றன.

இதை எழுதி முடித்த கையோடு கவிதாவுக்குப் போன் போட்டேன். நான் வருகிறேன், ஆனால் ஸ்லைடு எதுவும் வேண்டாம், கொஞ்சம் பஞ்சு மட்டும் வாங்கி வை என்றேன். வருகிற டாக்டர்கள் எல்லோரையும் துவைத்த சாக்ஸ் போட்டு வரச் சொல் என்றேன். யாரும் கழற்றாவிட்டால் என்ன செய்வது மேடம் என்று கேட்டாள்.

"முதல் வரிசையில கோதண்டபாணி சாருக்கு ஒரு நாற்காலி போட்டு வை" என்றேன். "அவர் கழட்டுவார்."